மடிப்பு

புதன்கிழமை டூடர் அழைத்தான்.
அவனுடைய வழிசொல்லி மாடிப்படியில் கால் பிசகிக் கிடக்கிறானாம்.
"சனி இரவு சும்மாதானே இருப்பாய், ஹெலெத்?"
பதினோரு வருடமாகச்
சனி இரவுகளில் சும்மாதான் இருக்கிறேன்.

பரணிலிருந்து வரைபடப் பலகையை இறக்கினேன்.
விளக்கு வைத்த உருப்பெருக்கி
புது பாட்டரிக்கு ஒருமுறை இருமிவிட்டு எரிந்தது.
பென்சில்கள், அழிப்பான், இஞ்சி பிஸ்கெட்.
அப்போது இல்லாத ஒன்று, மூக்குக்கண்ணாடி.

லாம்பீட்டர், ஆட்டுச் சந்தை முற்றம், இரவு பத்தரை.
இருபத்துமூன்று கார்கள் ஆவி விட்டு நின்றன.
அடுத்த காரில் பலகை ஏந்திய பையன்
நான் விட்டுப்போன வருடம்
மூன்றாம் வகுப்பு படித்திருப்பான்.
நேர அட்டை தரும் மேசையில் எலுனெட், அதே கம்பளித் தொப்பி.
என்னைப் பார்த்தாள், பிறகு டூடரைப் பார்த்தாள்:
"யாரோடு போகிறாய் என்று முழங்காலுக்குத் தெரியுமா?"

கதை எல்லோருக்கும் தெரியும்.
வளைவு சரியாகத் தாளின் மடிப்பில் விழுந்தது,
மடித்து விரித்து மடித்து விரித்துக்
காகிதம் அங்கே நைந்திருந்தது,
வலது இடதாகத் தெரிந்தது,
பிறகு கல்சுவர்.
பரப்பியவள் நான்தான்.
நன்றாகச் சொல்வேன்.

மூன்று, இரண்டு, ஒன்று.

இருநூறு, இடது, கூர்மை.
மேடு, நேரே விடு.
ஓடை, தண்ணீர் இருக்கும், மெல்ல.
வீடுகள், சத்தம் வேண்டாம், தூங்குகிறார்கள்.
என் குரல் எனக்கு முன்னால் ஓடியது
நாயை அவிழ்த்துவிட்டதுபோல.
கால்மணி நேரத்தில் குமட்டல் வந்து
மடியில் ஏறி உட்கார்ந்தது. அதற்கும் பழைய பழக்கம்.

ஒரு திருப்பத்தை விட்டேன்.
பண்ணை முற்றம், தூக்க உடையில் ஒருவர்,
கையில் டார்ச்சோடு வெளியேறும் வழி காட்டினார்,
போக்குவரத்துக் காவலர்போல, கோபமே இல்லாமல்.
நான்கு நிமிடம் போயிற்று.
டூடர் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் திட்டியிருந்தால் தேவலை.

பின் அது வந்தது.
இடம் எனக்குத் தெரியும்.
சொல்ல வேண்டியது வலம்.

உருப்பெருக்கியின் கீழே, மஞ்சள் வட்டத்துக்குள்,
வளைவு கொக்கிபோலத் தெளிவாகக் கிடந்தது.
மடிப்பு இரண்டு விரற்கடை தள்ளி.
புதுத் தாள்தான். ஆனால் இந்தத் தாள்கள்
எப்போதும் அதே இடத்தில்தான் மடிகின்றன.

"வலது" என்றேன், வலத் தொடையில் அறைந்துகொண்டு,
"வலது, வலது, டூடர், வலது."
"ஒருமுறை போதும்" என்றான்.
அவன் கால் முன்பே பிரேக்கில் இருந்தது.
விளக்கு வெளிச்சம் சுவரைத் தடவிப் போனது.
நடுவில் ஒரு கார் அகலத்துக்கு
பாசி கொஞ்சம் இளசு.

பதினெட்டு கார்கள் முடித்தன.
நாங்கள் பதினெட்டாவது.

விடிகாலை ஐந்து, ஊர் மன்றம், பொரித்த முட்டை.
என் கைகளில் இன்னும் சாலை ஓடிக்கொண்டிருந்தது,
முள்கரண்டி தட்டில் கிணுகிணுத்தது.
"அது மடிப்பில் இல்லை" என்றேன்.
"எது?"
"அந்த வளைவு. மடிப்பில் இருந்ததே இல்லை.
வாய் தவறிவிட்டது."

மஞ்சள் கருவை ரொட்டியால் வழித்தெடுத்தான்.
"ஆறு வாரம் கட்டிலில் கிடந்தேன்.
தாள் என்னிடம்தான் இருந்தது.
வேறென்ன வாசிப்பேன் என்று நினைத்தாய்?"

மென்றான். தேநீரை என் பக்கம் நகர்த்தினான்.
"பாலத்தடிப் பலகையில் என்ன எழுத்து எழுதினாய்?"
"கே."
"ஆர் அது."
"கே, டூடர். நான் பார்த்தேன்."
"நீ குனிந்து பிஸ்கெட் தேடிக்கொண்டிருந்தாய்."

எலுனெட் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள்,
எங்கள் இரண்டைத் தவிர.